அளவைச் சொல், அப்புறம் கத்தியை எடு!

“அதெல்லாம் பணக்காரன் வியாதி. கூலிக்காரனுக்கு எதற்கு அந்தப் பேச்சு?” என்று சிலர் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி முதலாளிகள் இப்படிக் கேட்டால் அதன் உள்நோக்கம் நமக்குப் புரியும். ஆனால் நம் ஆட்களே கேட்கிறார்களே, அதுதான் வேதனை! மகாதமனி வீக்கம் என்ற நோயைப் பற்றித்தான் பேச்சு. டாக்டர்கள் அன்யூரிசம் என்பார்கள். பெயர் வாயில் நுழையாதது. நோயோ பீடி குடிக்கிறவன் வயிற்றுக்குள் சத்தமில்லாமல் நுழைந்து விடுவது.

பணக்காரன் வியாதியா? யாருக்கு வருகிறது என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் புகை குடித்தவருக்கு வருகிறது. இரத்தக் கொதிப்பைக் கவனிக்காமல் விட்டவருக்கு வருகிறது. அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு, பெண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. தகப்பனுக்கோ உடன்பிறந்தவனுக்கோ இருந்தால் இவனுக்கும் வரக்கூடும். இந்த ஜாபிதாவில் பங்களாவாசி மட்டும் எங்கே இருக்கிறான்? இராத்திரி ஷிப்டில் தூக்கத்தை விரட்டப் பீடியைப் பற்ற வைத்தவனும், உச்சி வெயிலில் கஞ்சி வருகிற வரைக்கும் பசியை ஏமாற்ற வரப்பில் குந்திப் பற்ற வைத்தவனும்தான் முதல் வரிசையில் நிற்கிறார்கள்.

நோய் என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். இருதயத்திலிருந்து புறப்படும் தலைமைக் குழாய்தான் மகாதமனி. வாய்க்கால் பாசனத்தில் தலை மதகிலிருந்து வரும் பெரிய வாய்க்காலைப் போல, அது மார்பைக் கடந்து வயிற்றுக்குள் இறங்கி, தொப்புளுக்கு நேராக இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் ஏறக்குறைய 2 செண்டிமீட்டர். ஒரு பெருவிரல் பருமன். சைக்கிள் டயர் நைந்த இடத்தில் டியூப் பிதுங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? குழாயின் சுவர் நைந்து போனால் அதேபோல் இங்கேயும் பிதுங்குகிறது. 3 செண்டிமீட்டரைத் தொட்டால் அதற்கு வீக்கம் என்று பெயர். ஒவ்வொரு இருதயத் துடிப்பும் அந்த இடத்தை இடித்துக்கொண்டே இருக்கிறது. பருமன் கூடக் கூடச் சுவரின் மேல் விழும் இழுப்பும் கூடுகிறது. ஆகவே பெரிய வீக்கம் சிறிய வீக்கத்தைவிட வேகமாகப் பெருக்கும்.

வலிக்காது. காய்ச்சல் வராது. பசி குறையாது. பத்து வருஷம் உள்ளே இருந்தாலும் இருக்கும், ஆள் பாட்டுக்கு மில்லுக்குப் போய் வருவார். ஒரு நாள் வெடிக்கும். வெடித்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை. பலர் ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்ப்பதில்லை. “களத்து மேட்டில் நின்றவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார்” என்ற பேச்சை நாம் எத்தனை ஊரில் கேட்டிருக்கிறோம்! மாரடைப்பு என்பார்கள், காற்று கருப்பு என்பார்கள், காலம் முடிந்தது என்பார்கள். அவற்றில் எத்தனை இந்தக் குழாய் வெடித்த சாவு என்று யார் திறந்து பார்த்தார்கள்? கூலிக்காரன் சாவுக்குக் காரணம் எழுத வேண்டும் என்று எவன் கவலைப்பட்டான்?

ஐன்ஸ்டீன் வயிற்றில் இருந்த வீக்கம்

உலகம் போற்றிய விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டீனுக்கும் இதே நோய்தான். 1948 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் வயிற்றைத் திறந்தார்கள். திறந்த டாக்டர் ருடால்ப் நிஸ்ஸன்; ஹிட்லர் ஆட்சி வந்ததும் ஜெர்மனியைவிட்டு வெளியேறிய யூதர். உள்ளே மகாதமனி பெரிய பழம்போல் வீங்கியிருந்தது. அந்தக் காலத்தில் அதை வெட்டி எடுத்து வேறு குழாய் வைக்கும் வித்தை கிடையாது. பொட்டலம் சுற்றும் செலோபேன் தாளை வீக்கத்தைச் சுற்றிப் போர்த்தி மூடினார் நிஸ்ஸன். தாள் உறுத்தி, சுற்றிலும் தழும்பு உண்டாகி, சுவர் கெட்டிப்படும் என்பது கணக்கு.

அந்தத் தாளோடு ஐன்ஸ்டீன் ஆறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். எப்படி வாழ்ந்தார்? படுத்துக் கிடக்கவில்லை. 1949 மே மாதத்தில் சோஷலிசம் ஏன் வேண்டும் என்று ‘மன்த்லி ரிவ்யூ’ பத்திரிகையின் முதல் இதழில் கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை வெறிபிடித்து நடந்த காலத்தில் அதை எதிர்த்துப் பேசினார். அணுகுண்டுக்கு எதிராகப் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் தயாரித்த அறிக்கையில் 1955 ஏப்ரலில் கையெழுத்துப் போட்டார். அதே மாதம் வீக்கம் வெடித்தது. மறுபடியும் அறுவை செய்யலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள், வேண்டாம் என்றார். ஏப்ரல் 18ஆம் தேதி, 76 வயதில் காலமானார்.

வேண்டாம் என்று சொன்னது அவர் உரிமை. தமக்குள் என்ன இருக்கிறது, எத்தனை பெரிது, அறுத்தால் என்ன, அறுக்காவிட்டால் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்து முடிவு செய்தார். நம் பண்ணையாளுக்கு அந்த உரிமை எங்கே? அவருக்குள் இருப்பது அவருக்கே தெரியாது. தெரியாமலே செத்துப் போகிறவனைப் பார்த்து ‘விதி’ என்று சொல்வது யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

தறியில் பிறந்த குழாய்

மில் தொழிலாளிகள் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஐன்ஸ்டீனுக்குத் தாள் சுற்றிய மூன்றாம் வருஷம், 1951 மார்ச்சில், பாரிஸ் நகரத்தில் சார்ல் துபோ என்ற டாக்டர் வீங்கிய பகுதியை வெட்டியெறிந்து, செத்தவர் உடலிலிருந்து எடுத்த தமனியை அந்த இடத்தில் பொருத்திக் காட்டினார். ஆனால் செத்தவர் தமனி எத்தனை கிடைக்கும்? எவ்வளவு நாள் உழைக்கும்? ஆகவே டாக்டர்கள் துணியைத் தேடிப் போனார்கள். ஆம், துணிதான்! நியூயார்க்கில் வூர்ஹீஸ் என்ற டாக்டர் வினியான் என்ற செயற்கை நூல் துணியைக் குழாயாகத் தைத்துப் பார்த்தார். ஹூஸ்டன் நகரத்து மைக்கேல் டிபேக்கி ஜவுளிக் கடைக்கு நைலான் வாங்கப் போனார். நைலான் தீர்ந்து போயிருந்தது. டாக்ரான் என்ற புதுத் துணி இருந்தது. அதை வாங்கி வந்து, மனைவியின் தையல் மிஷினில் குழாயாகத் தைத்தார். டாக்ரான் என்பது வேறொன்றுமில்லை, நம் ஊரில் டெரிலின் என்று விற்றார்களே, அதே பாலியெஸ்டர் இனம்தான். பிறகு பிலடெல்பியாவின் நெசவுக் கலாசாலையைச் சேர்ந்த ஒரு நிபுணரின் துணையோடு, தையல் மூட்டே இல்லாமல் குழாயாகப் பின்னும் இயந்திரம் உண்டாயிற்று. இன்றைக்கும் மகாதமனிக்கு வைக்கும் குழாய் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலில் நெய்ததும் பின்னியதும்தான். அதே டிபேக்கிக்கு 97 வயதில் மகாதமனிச் சுவர் பிளந்தது. 2006ல் அவர் வழிகாட்டிய முறையிலேயே அவருக்கு அறுவை செய்தார்கள். 99 வயது வரை இருந்து 2008ல் காலமானார்.

வயிற்றைக் கிழிக்காமல், தொடையிடுக்கில் உள்ள தமனி வழியாக மடக்கிய குழாயை உள்ளே அனுப்பி விரியவிடும் முறை அடுத்து வந்தது. 1987ல் சோவியத் உக்ரேனின் கார்க்கிவ் நகரில் டாக்டர் நிக்கொலாய் வொலொடோஸ் மார்புத் தமனியில் அதைச் செய்து காட்டினார். ருஷ்ய மொழியில் எழுதினார். மேல்நாட்டார் அதைப் படிக்கவில்லை. 1990ல் ஆர்ஜன்டைனாவின் டாக்டர் பரோடி வயிற்றுத் தமனியில் செய்தார். அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. விழித்தபின் பட்டா போட்டுக்கொண்டன.

நூலும் துணியும் நம் உழைப்பு. அறிவு பல தேசத்து டாக்டர்களின் உழைப்பு. கம்பிச் சட்டமும் துணியும் சேர்ந்த அந்த உறைக்குழாய் நம் ஊருக்கு வரும்போது பல லட்ச ரூபாய்! இருதய நாளத்துக்குப் போடும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் உச்ச விலை வைத்தது. ஜனங்கள் கேட்டதாலும் கோர்ட்டு வரை போனதாலும் வைத்தது. அந்த உத்தரவில் மகாதமனிக் குழாய் இல்லை. ஏன் இல்லை? கேட்க ஆள் இல்லை, அதனால் இல்லை.

4 செண்டிமீட்டருக்குக் கத்தியா?

இனி கொள்ளைக்காரர்களிடம் வருவோம். நம் சங்க ஆபீசுக்கு ஒரு பஞ்சாலைத் தோழர் வந்தார். வயது 63. வயிற்றுப் புண்ணுக்காக ஸ்கேன் எடுத்த இடத்தில் தற்செயலாக மகாதமனி வீக்கம் தெரிந்திருக்கிறது. அளவு 4.1 செண்டிமீட்டர். “வயிற்றுக்குள் வெடிகுண்டு இருக்கிறது, ஒரு வாரத்துக்குள் பணத்தோடு வா” என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பி விட்டார்கள். வீட்டை அடகு வைக்கலாமா, மகளுக்கு வைத்த நகையை விற்கலாமா என்று அந்தக் குடும்பம் தூங்காமல் கிடந்தது.

தோழர்களே, இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் பல வருஷங்களுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. பிரிட்டனில் 4 முதல் 5.5 செண்டிமீட்டர் வரை வீக்கமுள்ள 1,090 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. இன்னொரு பிரிவுக்கு அறுவை இல்லை. ஸ்கேனில் அளந்துகொண்டே வந்து, 5.5ஐத் தாண்டினால்தான் அறுவை. 1998ல் முடிவு வந்தது. உடனே அறுத்துக்கொண்டவர்கள் கூடுதலாக வாழவில்லை. அமெரிக்காவில் மாஜி சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரிகளில் 1,136 பேரை வைத்து இதே சோதனை. 2002ல் இதே முடிவு. தொடையிடுக்கு வழி முறை வந்ததும், “இது சுலபமான முறை, ஆகவே சிறிய வீக்கத்துக்கும் போடலாம்” என்று கிளம்பினார்கள். அதையும் 2010, 2011 ஆண்டுகளில் வெளியான இரண்டு சோதனைகள் பார்த்தன. அதிலும் இலாபம் இல்லை. அளந்துகொண்டு காத்திருந்தவர்களில் வெடித்தது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு.

இதிலிருந்து தெரிவது என்ன? ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செண்டிமீட்டர் வரும் வரை பொதுவாகக் கத்தி தேவையில்லை. அதற்கு முன்பே ஒரே வருஷத்தில் 1 செண்டிமீட்டருக்கு மேல் பெருத்தாலோ, வலி கண்டாலோ சங்கதி வேறு. மற்றபடி அளந்து பார்ப்பதே வைத்தியம். அது அசட்டை அல்ல, ஒத்திப் போடுவதும் அல்ல. ஆனால் அளந்து பார்ப்பதில் காசு இல்லையே! ஒரு ஸ்கேனுக்கு என்ன கிடைக்கும்? அறுவைக்கு லட்சக்கணக்கில் கிடைக்கிறது. ஆகவே 4.1 ‘வெடிகுண்டு’ ஆகிவிடுகிறது. அந்தத் தோழரைச் சர்க்கார் ஆஸ்பத்திரி இரத்தநாள டாக்டரிடம் அனுப்பினோம். கொதிப்புக்கு மாத்திரை, பீடிக்கு முற்றுப்புள்ளி, அடுத்த வருஷம் மறுபடி அளவு, அவ்வளவுதான் சொன்னார்.

“கிழிக்காத வைத்தியம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம்” என்று விளம்பரப் பலகை வைக்கிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மாதத்துச் சாவு அதில் குறைவு என்பது உண்மைதான். வயதாகித் தளர்ந்தவருக்கு அது வரப்பிரசாதம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனில் இரு முறைகளையும் ஒப்பிட்டு 15 வருஷம் பின்தொடர்ந்து 2016ல் வெளியிட்ட கணக்கின்படி, ஆரம்பத்து ஆதாயம் நாள் போகப் போகக் கரைந்து போயிற்று. குழாயைச் சுற்றி இரத்தம் கசியலாம், குழாய் நழுவலாம். ஆகவே ஆயுசு முழுக்க ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விளம்பரப் பலகையில் இந்த வரி ஏன் இல்லை?

ஏழு தொழிலாளர் எழுதிய கடிதம்

கம்பெனிகளின் யோக்கியதை தெரிய வேண்டுமானால் இதைப் படியுங்கள். அமெரிக்காவில் கைடன்ட் என்ற பெரிய கம்பெனியின் கிளை ஒன்று, ஆன்க்யூர் என்ற மகாதமனிக் குழாயை 1999 முதல் விற்றது. குழாயை உள்ளே கொண்டுபோகும் கருவி சிக்கிக்கொண்டது, வெளியே எடுக்க முடியாமல் வயிற்றைக் கிழிக்க வேண்டி வந்தது, ஆட்கள் செத்தார்கள். இப்படி ஏதேனும் நடந்தால் சர்க்காருக்கு அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். கம்பெனி அறிக்கையை மறைத்தது. எத்தனை சம்பவம் தெரியுமா? 2,628! அவற்றில் 12 சாவு, 57 அவசர அறுவை.

வெளியே கொண்டுவந்தது யார்? டாக்டர் சங்கமா? பங்குதாரரா? அந்தக் கம்பெனியில் வேலை செய்த ஏழு பேர். 2000ஆம் ஆண்டில் பெயர் போடாமல் சர்க்கார் மருந்து அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். வேலை போகும் என்று தெரிந்தே எழுதினார்கள். 2003 ஜூனில் கம்பெனி 10 குற்றங்களைக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு, 9 கோடியே 24 லட்சம் டாலர் கட்டியது. செத்த பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து அபராதச் சீட்டு, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி!

சுரங்கத் தொழிலாளி திறந்த வழி

“எல்லாரையும் அளந்து பார்ப்பது நடக்கிற காரியமா?” என்று அடுத்த கேள்வி வரும். நடந்திருக்கிறது. பிரிட்டனில் 67,800 ஆண்களை, 65 முதல் 74 வயதுக்காரர்களை, இரு பிரிவாக்கி ஒரு பிரிவை ஸ்கேனுக்கு அழைத்தார்கள். நான்கு வருஷத்தில் இந்த நோயால் வரும் சாவு அழைத்த பிரிவில் 42 விழுக்காடு குறைந்தது. 2002ல் வந்த கணக்கு அது. அதன்பேரில் 2009ல் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை திட்டத்தைத் தொடங்கி, 2013க்குள் தேசம் முழுக்கப் பரப்பியது. ஆணுக்கு 65 வயது ஆகும் வருஷத்தில் வீட்டுக்குக் கடிதம் வரும். போய்ப் படுத்தால் சில நிமிஷத்தில் அளவு. ஊசி இல்லை, காசு இல்லை. அளப்பவர் டாக்டர்கூட இல்லை, அதற்கென்று பயிற்சி பெற்ற ஊழியர். 3 முதல் 4.4 வரை என்றால் வருஷத்துக்கு ஒரு முறை, 4.5 முதல் 5.4 வரை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, 5.5 என்றால் இரத்தநாள டாக்டரிடம் என்று விதி வகுத்தார்கள். மறந்துபோனால் ஞாபகப்படுத்துவது நோயாளியின் பாடு அல்ல, சேவையின் பாடு.

அந்தச் சேவையை 1948 ஜூலை 5ல் தொடங்கி வைத்த மந்திரி அன்யூரின் பெவன், வேல்ஸ் தேசத்து நிலக்கரிச் சுரங்கத்தில் 13 வயதில் இறங்கிய தொழிலாளி. அவர் ஊரான டிரெடிகரில் தொழிலாளிகள் கூலியிலிருந்து காசு போட்டுத் தாங்களே வைத்திய சங்கம் நடத்தினார்கள். அந்த ஊர் வழக்கத்தைத்தான் அவர் தேசத்துக்கு விரித்தார்.

அதற்காக இங்கே எல்லாரும் ஸ்கேன் வாசலில் போய் வரிசை நிற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. முழு உடம்புப் பரிசோதனை என்று மூட்டையாக விற்கிறார்களே, அந்த வியாபாரத்துக்கு நாம் தரகர் ஆகக்கூடாது. புகையே தொடாத இளைஞருக்கு இது வீண் செலவு, வீண் பயம். இங்கிலாந்திலேயே புகை குறைந்ததால், அழைத்துப் பார்க்கிற ஆண்களில் சுமார் நூற்றில் ஒருவருக்குத்தான் இன்று வீக்கம் தெரிகிறது. முன்பு நாலைந்து பேருக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் நிபுணர் குழு 2005லேயே நிதானமாகச் சொன்னது: வாழ்வில் எப்போதாவது புகைப் பழக்கம் இருந்த, 65 முதல் 75 வயதுள்ள ஆண்களுக்கு ஒரே ஒரு முறை அளந்து பாருங்கள். குடும்பத்தில் இந்த நோய் இருந்தால் அதற்கு முன்பே பார்ப்பது நல்லது. இவ்வளவுதான் நம் கோரிக்கையும்.

இங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை?

இயந்திரம் இருக்கிறது. கர்ப்பிணிப் பெண்களுக்குப் பார்க்கிற அதே அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன்தான் மகாதமனியையும் காட்டும். தாலுகா ஆஸ்பத்திரி வரை அது வந்திருக்கிறது. சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் இரத்தநாள அறுவைக்கென்றே தனிப் பிரிவும் இருக்கிறது. 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாகக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறார்கள். நல்ல காரியம், நாம் வரவேற்கிறோம். கொதிப்பு மாத்திரை வாங்கும் 65 வயதுப் பீடிக்காரரின் பெயருக்கு எதிரே “வயிற்று ஸ்கேன் ஒரு முறை” என்று எழுத ஒரு பேனா போதாதா?

இல்லாதது பதிவேடு. இந்த நோய்க்குப் பதிவேடுதான் மருந்து. போன வருஷம் 3.8, இந்த வருஷம் 4.0 என்று ஒரே இடத்தில் எழுதி வைத்து, தவறியவரைக் கூப்பிட்டு விடும் ஏற்பாடு வேண்டும். 2018ல் மத்திய சர்க்கார் தம்பட்டமடித்துக் கொண்டுவந்த ஆயுஷ்மான் இன்ஷூரன்ஸ், படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் கட்டும். அளந்து பார்த்து வீட்டுக்குத் திரும்புகிறவனுக்கு அதில் ஒரு காசு கிடையாது. வெடித்த பிறகு தனியார் ஆஸ்பத்திரிக்குச் சர்க்கார் பணம் போகும்; வெடிக்காமல் காக்கச் சர்க்கார் பணம் போகாது. இது யாருக்காகப் போட்ட திட்டம்?

ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948ல் வந்தது. வயல் தொழிலாளியை அன்றைக்கே வெளியே நிறுத்திவிட்டார்கள். மில் தொழிலாளிக்கு இருக்கிறது, ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். 58ல் மில் அவரை வீட்டுக்கு அனுப்புகிறது. வீக்கம் தேடி வருவதோ 65ல்! ஓய்வு பெற்றவர் சிறு தொகை கட்டி வைத்தியம் தொடர ஈ.எஸ்.ஐ. விதியில் இடம் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? சங்கக் கிளைகள் தங்கள் ஓய்வுபெற்ற உறுப்பினர்களை லோக்கல் ஆபீசுக்கு அழைத்துப்போய் எழுதி வைக்க வேண்டும்.

பீடியைப் பற்றிப் பேசினால் நம் தோழர்களிலேயே சிலர் முகம் சுளிக்கிறார்கள். நெல்லையிலும் தென்காசியிலும் வேலூரிலும் பீடி சுற்றும் பெண்கள் நம் சங்கத்தார். அவர்கள் கஞ்சியில் மண் போடலாமா என்கிறார்கள். போடக்கூடாதுதான். ஆனால் சுற்றுகிறவளையும் குடிக்கிறவனையும் மோதவிட்டு இலாபத்தைக் கொண்டு போகிறவன் பீடிக் கம்பெனிக்காரன் அல்லவா? கண்ணூரில் 1969ல் முதலாளிகள் கடையை மூடிக்கொண்டு மங்களூருக்குப் போனபோது, தொழிலாளிகள் தினேஷ் பீடிக் கூட்டுறவை எழுப்பினார்கள். பீடிக்கு இனி எதிர்காலம் இல்லை என்று கண்டதும், அதே கூட்டுறவு தேங்காய்ப் பால், மசாலா, குடை, ஆயத்த ஆடை என்று மாறிக்கொண்டது. நம் பெண்களுக்கும் மாற்று வேலை கொடு என்று சர்க்காரைக் கேட்பதுதான் வழி. அதுவரை புருஷன் நெஞ்சில் ஏறுகிற புகைக்கு நாம் வக்காலத்து வாங்கக் கூடாது.

வீக்கத்தோடு வாழ்கிறவருக்கு

வீக்கம் தெரிந்த தோழர் என்ன செய்ய வேண்டும்? முதலில் பீடி, சிகரெட், புகையிலை எல்லாவற்றையும் விட வேண்டும். வீக்கத்தைச் சுருக்கும் மாத்திரை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. சுருக்குவேன் என்று லேகியம் விற்கிறவன் புளுகன். ஆனால் புகையை விட்டவருக்கு வீக்கம் மெதுவாகப் பெருக்கும், வெடிப்பதும் குறையும். கொதிப்பு மாத்திரையை ஒரு நாளும் தவறக் கூடாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. சளிக்கும் பேதிக்கும் சிப்ரோபிளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லெவோபிளாக்சசின் என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். இந்த வகை மருந்துகள் மகாதமனிச் சுவரை நலிவாக்கக் கூடும், வீக்கம் உள்ளவருக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைத் தராதீர்கள் என்று அமெரிக்க மருந்து அதிகாரிகள் 2018 டிசம்பரில் எச்சரித்தார்கள். நம் ஊர் மருந்துக் கடையில் யார் எச்சரிப்பது? “எனக்கு மகாதமனி வீக்கம் இருக்கிறது” என்று நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வேலை? சிறிய வீக்கம் உள்ளவர் நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், களை எடுக்கலாம், மிஷினைப் பார்க்கலாம். மூச்சைப் பிடித்துப் பேல் உருட்டுவதும் நெல் மூட்டை தூக்குவதும்தான் ஆகாது; வீக்கம் பெருக்கப் பெருக்க அறவே ஆகாது. “அப்படியானால் வேலையை விட்டுப் போ” என்று மேஸ்திரி சொல்வான். டாக்டர் சீட்டைக் கொண்டுவந்த தொழிலாளிக்குக் கூலி குறையாமல் இலேசான வேலை தர வேண்டும் என்று கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சு வார்த்தைக்கு முன்பே சேர்க்க வேண்டும்.

அபாயக் குறி ஒன்றே ஒன்று. திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ விலாவிலோ தாங்க முடியாத வலி, கூடவே மயக்கம், குளிர்ந்த வேர்வை. “வாயு” என்று சோடா கொடுக்காதீர்கள். “கல்லடைப்பு” என்று ஊசி போட்டுத் திருப்பியனுப்பவும் விடாதீர்கள். அறுபது தாண்டிய பீடிக்காரருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகக் கல்லடைப்பு வலி என்றால், மகாதமனியைப் பார்த்தீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள்; இரத்தநாள அறுவை நடக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கே நேரே போகச் சொல்லுங்கள்; வழியில் நின்று நின்று போகிற நேரம் கிடையாது.

ஸ்கேன் தாளைத் தொலைக்காதீர்கள். தேதி, அளவு, எடுத்த ஆஸ்பத்திரி ஆகிய மூன்றையும் ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அதனிடம் சொல்லி வையுங்கள். முடிந்த வரை ஒரே ஆஸ்பத்திரியில் அளந்தால் அளவை ஒப்பிடச் சௌகரியம். எழுதத் தெரியாதவர்கள் தாளோடு சங்க ஆபீசுக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். ஒவ்வொரு கிளையும் 65 வயதைத் தொட்ட, புகைப் பழக்கம் இருந்த உறுப்பினர்களின் பெயர்களை எழுதி, தாலுகா ஆஸ்பத்திரி டாக்டரிடம் நேரில் கொடுத்து, என்றைக்கு ஸ்கேன் என்று தேதி கேட்டு வாங்கி வர வேண்டும். தேதி தர மறுத்தால் மறுத்ததை எழுத்தில் கேளுங்கள். அதன் நகலை மாவட்டக் கமிட்டிக்கு அனுப்புங்கள்.